உடும்புக்கு ஏலம் கிடையாது

2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு பழைய சட்டை ஏலம் போனது. 1932இல் பேப் ரூத் என்ற பேஸ்பால் சூரர் ஓர் ஆட்டத்தில் போட்டுக்கொண்டு ஆடியது. விலை 2 கோடியே 41 லட்சம் டாலர். நம் பணத்தில் அன்றைக்குச் சுமார் 200 கோடி. அந்த ஆட்டத்தில் அவர், 'பந்து அங்கேதான் போகும்' என்று விரலை நீட்டிக் காட்டிவிட்டு அடித்தாராம். நிஜமாகவே காட்டினாரா, எதிரணியை வைதுகொண்டிருந்தாரா என்ற பஞ்சாயத்து இன்னும் ஓயவில்லை.

விரலுக்கு இவ்வளவு மரியாதை என்றால் புதுக்கோட்டைக்காரன் சும்மா இருக்க முடியுமா? எங்கள் கட்சிக்கு மான்பூண்டியா பிள்ளை.

1880களில் அவருக்குக் கோயிலில் விளக்குப் பிடிக்கிற வேலை. சாமி புறப்பாட்டில் சபாஷ் எல்லாம் தவிலுக்கும் நாகசுரத்துக்கும் போய்விடும். விளக்குக்காரருக்கு மிஞ்சுவது எண்ணெய்ப் பிசுக்கு. ஆனால் மனுஷனுக்குத் தாளம் தலைக்கேறிவிட்டது. மிருதங்கத்துக்கோ மேடையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஊரில் தட்டிக்கொண்டிருந்த வளையத் தோற்கருவி ஒன்றை எடுத்தார். ஒரு ஜோடி சலங்கைத் தகடு போதும் என்று திருத்தினார். நேரே கச்சேரி மேடையில் ஏற்றிவிட்டார். அதுதான் கஞ்சிரா.

பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. பலாக்கட்டையில் ஒரு சாண் அகல வளையம், ஒரு பக்கம் உடும்புத் தோல். வளையத்தின் ஓட்டையில் சலங்கையாக மாட்டுவது பெரும்பாலும் பழைய காசு. இடது கை பிடித்தபடியே விளிம்போரம் அழுத்தும், வலது கை பேசும். உட்பக்கம் தண்ணீர் தெளித்தால்தான் 'கும்' இறங்கும். கை தவறி நாலு சொட்டு கூடினால் வித்வான் கணக்கை விட்டுவிட்டு, தோல் காயக் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

1910இல் திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம் வைத்த ஊர் புதுக்கோட்டை. ஆனாலும் பிள்ளைவாளின் நினைவுச்சின்னங்கள் ரத்தமும் சதையுமாகத்தான் திரிந்தன. சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை, பாடகர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் 'புல் பெஞ்ச்' கச்சேரியில் உட்கார்ந்தார். கடம், கொன்னக்கோல், முகர்சிங் என்று லயக்காரர்கள் சூழ்ந்துகொண்டு பாடகரை விசாரணை செய்கிற நீதிமன்றம் அது. நயினாப் பிள்ளையும் லேசில் சரணடைகிற ஆசாமி இல்லை.

இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன் சுப்பிரமணிய பிள்ளைக்கு இடது கைப் பழக்கம். அவர் மிருதங்கத்தோடு மேடைக்கு வந்தால் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். சங்கீதத்தில் சுருதி மாறலாம், ராகம் மாறலாம், உட்காருகிற இடம் மாறலாமோ? மாறலாம் என்று அவரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்.

சரி, நாமும் ஒரு பழைய கஞ்சிராவை ஏலத்துக்கு விடலாமே என்று யாராவது கிளம்பினால் ஒரு சங்கடம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்புக்கு முதல் அட்டவணையில் இடம், புலிக்குப் பக்கத்திலேயே. இன்று பலரும் ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறிவிட்டார்கள். பழசைத் தூக்கிக்கொண்டு போனால் ஏலக்காரருக்கு முன்னால் வனச்சரகர் வந்து நிற்பார். யார் வாசித்தது, எந்தக் கச்சேரி என்றெல்லாம் அவர் கேட்க மாட்டார். உடும்பு செத்த தேதியைத்தான் கேட்பார்.