வேளாங்கண்ணிக்கு நடந்து போய், கெடாமல் திரும்புவது எப்படி?

தம்பி, ஆகஸ்ட் கடைசியில் நீ காவி வேட்டி கட்டிக்கொண்டு "மாதா கோயிலுக்கு நடக்கப் போறேன்" என்றதும் வீட்டில் லாரியையும் வெயிலையும் நினைத்துப் பயப்படுவார்கள். அதெல்லாம் சில்லறை ஆபத்து. போனவன் ஊருக்கு உழைக்கிற ஆளாகத் திரும்பி வந்துவிடுவான், அதுதான் பெரிய ஆபத்து. அப்புறம் ரேஷன் கடைக்குப் போகக்கூட வீட்டில் ஆள் இருக்காது. நான் சறுக்கிய இடங்களைச் சொல்கிறேன், சுதாரித்துக்கொள்.

புதுச்சேரி மிஷன் வீதி சம்பா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றும்போதே வேண்டுதலில் கவனம் வேண்டும். "வேலை கொடு தாயே" என்று மொட்டையாகக் கேட்காதே. என்ன வேலை, என்ன சம்பளம் என்று விவரமாகக் கேள். நான் மொட்டையாகக் கேட்டவன்.

அடுத்தது செருப்பு. இங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். புது ஷூ போட்டால் கடலூர் தாண்டுவதற்குள் குதிகாலில் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் நொண்டுவாய். நொண்டினால் ரோட்டோரப் பந்தலில் யாராவது கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். என்னை உட்கார வைத்தவர் லாரி பட்டறைக்காரர். நகக்கண்ணில் கிரீஸ். அழுக்குப் படிந்த என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் இழுத்தேன், விடவில்லை. ஊசியைத் தீயில் காட்டி, கொப்புளத்தின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு வெட்டினார். நீர் நூல் வழியாகக் கசிந்தது. மேலே தேங்காயெண்ணெய். (டாக்டர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) பேர் கேட்டேன். "எழுந்திருப்பா, அடுத்த ஆள் நிக்குது" என்றார். என் அப்பாகூட என் காலை அப்படிப் பிடித்ததில்லை. கெட்டது அங்கேதான். ஆகவே பழைய ரப்பர் செருப்பே போடு. யாருக்கும் கடன்படாமல் போய்ச் சேரலாம்.

சோற்றுப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு போ. பந்தலில் கை நீட்டினால் வம்பு. சிதம்பரத்துக்கு இந்தப் பக்கம் விபூதி பூசிய பாட்டி சாம்பார் சாதம் போடுவாள். காரைக்கால் பக்கம் தொப்பி வைத்த பாய் நன்னாரி சர்பத் நீட்டுவார். மாதாவுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்க ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும். நாள்கணக்கில் நடந்து காரைக்காலில் கால் வைத்தால் அதுவும் நம்ம புதுச்சேரி அரசாங்கம்தான் என்பது தனி வேதனை.

ஆகஸ்ட் 29 கொடியேற்றமோ செப்டம்பர் 8 பெருவிழாவோ, போய்ச் சேர்ந்ததும் காணிக்கை போட்டுவிட்டு உடனே பஸ் ஏறு. கடற்கரை மணலில் உட்கார்ந்து, கூட வந்தவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்காதே. எந்தக் காலுக்கு எண்ணெய் வேண்டும் என்று கை தானாகத் தேடும்.

இத்தனை சொல்லியும் கெட்டுத்தான் திரும்புவாய் என்றால், அடுத்த ஆகஸ்டில் அரியாங்குப்பம் பக்கம் வா. சென்னையிலிருந்து சின்னத் தேர் இழுத்து வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் சுண்ணாம்பாற்றுப் பாலத்துக்குப் போவார்கள். அங்கே எனக்கு வேலை. கேட்டது கிடைத்தது, சம்பளம்தான் இல்லை. ஊசி, நூல், எண்ணெய் நான் வைத்திருக்கிறேன். நீ மோர் கொண்டு வா. வீட்டுக்குப் போடுகிற உப்பு பத்தாது, வியர்த்து வருகிறவர்கள். ஒரு பிடி கூடுதலாகப் போடு.