ஏல் உபாசகர்

இங்கிலாந்தில் மதுக்கடைக்குள் நுழைகிறவர்களில் பெரும்பான்மையோர் தாகத்துக்காகவோ துக்கத்துக்காகவோ நுழைகிறார்கள். எல்லா தேசத்திலும் அவர்கள் ஒரே விதமாக இருப்பதால், அவர்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாகமும் இல்லாமல், துக்கமும் இல்லாமல், சிரத்தையும் சந்தேகமும் சம அளவில் கலந்த முகத்தோடு உள்ளே வந்து, நாற்காலியைத் தேடாமல் நேரே பீப்பாய்களின் யோகக்ஷேமத்தை விசாரிக்கும் ஒரு பிரகிருதி அந்நாட்டில் உண்டு. ஏல் என்ற பீரை வழிபடும் அவரைத்தான் நான் ஏல் உபாசகர் என்று அழைக்கிறேன்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தாடி மார்பை நோக்கி இறங்கியிருக்கும். என்றோ நடந்த பீர்த் திருவிழா ஒன்றின் பெயர் அச்சிட்ட பனியன், பல வெளுப்புகளைக் கண்டு எழுத்து மங்கி, தொந்தியின் மேல் இறுகிக் கிடக்கும். காலுறையின் மேலேயே செருப்பு அணிந்திருப்பார். சட்டைப்பையில் ஒரு நோட்டும் அதற்கேற்ற குட்டைப் பென்சிலும் தவறாமல் இருக்கும்.

“என்ன வேண்டும்?” என்று கேட்கும் பெண்ணுக்கு உடனே பதில் கிடைக்காது. வரிசையாக நிற்கும் கைப்பம்புகளின் பிடிகளில் மாட்டியிருக்கும் பெயர்ப் பட்டைகளை இடமிருந்து வலமாக ஒருமுறையும், நம்பிக்கையில்லாமல் வலமிருந்து இடமாக மறுமுறையும் படித்துவிட்டு, “இந்தப் பீப்பாயை என்றைக்குத் திறந்தீர்கள்?” என்று அவர் எதிர்க்கேள்வி போடுவார். நேற்று என்றால், இன்னும் தெளிந்திருக்காதே என்பார். நான்கு நாளாயிற்று என்றால், பெருமூச்சு விடுவார்.

இந்த விசாரணைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. சாதாரண பீர் தொழிற்சாலையிலேயே வடிகட்டப்பட்டு, சூடாக்கப்பட்டு, ஜீவன் நீங்கிய நிலையில் வந்து, வாயுவின் பலத்தால் குழாய்வழியே மேலே தள்ளப்படுவது. உபாசகர் போற்றும் ஏலோ, முளைகட்டிய வாற்கோதுமையும் ஹாப்ஸ் பூவும் நீரும் ஈஸ்ட்டும் சேர்ந்து பிறந்த பின்பும், அந்த ஈஸ்ட் சாகாமலே பீப்பாய்க்குள் அடைபட்டு, மதுக்கடையின் நிலவறையில் இரண்டாம் முறை பொங்கி, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் என்னும் பசையினால் வண்டல் அடியில் படிந்து, 11 முதல் 13 டிகிரி வரையிலான மிதமான குளிர்ச்சியில், பரிசாரகரின் புஜபலம் ஒன்றையே துணையாகக் கொண்டு கண்ணாடிக் கோப்பைக்கு ஏறி வருவது. (இதன் பளிங்குத் தெளிவுக்கு மீன்தான் காரணம் என்பதைச் சைவ அன்பர்கள் கவனிக்க.) 72 பைண்ட் கொள்ளும் சிறு பீப்பாயைத் திறந்துவிட்டால் ஏறக்குறைய மூன்று நாளைக்குள் காலி செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டு வீணாகிவிடும். அதைக் காலி செய்யும் கடமையில் தமக்கும் பங்குண்டு என்று உபாசகர் மனப்பூர்வமாக நம்புகிறார். ஆனால் அவர் வாங்குவது என்னவோ அரை பைண்ட்.

வாங்கியதைக் குடித்துவிடுவார் என்று எண்ணுகிறவர்கள் அவரை அறியாதவர்கள். முதலில் அது விளக்கின் முன் உயரும். பிறகு மூக்கின் கீழ் தாழும். பிறகு ஒரு மிடறு வாய்க்குள் சென்று, அங்கே நாம் கணிக்க முடியாத காலம் வாசம் செய்யும். அதன்பின் பிறக்கும் அபிப்பிராயங்கள்தாம் விசேஷமானவை. பர்ட்டன் நகரத்து ஏலில் கொளுத்தி அணைத்த தீக்குச்சியின் வாடை வந்தால் அது உத்தம லக்ஷணம். அவ்வூர் நிலத்தடி நீரில் ஜிப்சம் மிகுதியாதலால் அந்தக் கந்தக வாசனை பரம்பரைச் சொத்து. பெல்ஜியத்தில் காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களையே நம்பிப் புளிக்க விடும் லாம்பிக் என்ற பீரில் குதிரைப் போர்வையின் மணம் வந்தால் கண்ணை மூடி ஆனந்திப்பார். சில அமெரிக்க ஹாப்ஸ் வகைகளில் எழும் பூனை மூத்திர வாடையைக்கூட, அளவோடு இருக்குமானால், அவர் அனுமதிப்பதுண்டு. ஆனால் நம்முடைய ஊரில் ஏழேழு தலைமுறைக்கும் பிடித்தமான வெண்ணெய் மணம் லேசாக வந்துவிட்டால் போதும், முகம் சுண்டிவிடும். ஈஸ்ட் தன் வேலையை முடிக்குமுன் அவசரப்பட்டு வடித்துவிட்டதற்கு அடையாளமான டயசிட்டைல் என்னும் வஸ்து அது என்று விளக்கி, கோப்பையைத் திருப்பிக் கொடுப்பார். கொடுக்குமுன், முதல் அபிப்பிராயம் சரிதானா என்று பார்க்க, பாதியைக் குடித்திருப்பார்.

இவர்களுக்குள் சமய பேதங்களும் உண்டு. கைப்பம்பின் மூக்கில் ஸ்பார்க்ளர் என்ற துளையிட்ட சிறு குமிழைத் திருகினால் ஏல் பாலாடை போன்ற நுரையோடு இறங்கும். யார்க்‌ஷயர்வாசிக்கு அது இல்லாத ஏல் ஏலே அன்று. லண்டன்வாசியோ, அந்தக் குமிழ் ஏலின் வாசனையையும் கசப்பையும் நுரைக்குள் கடத்திச் சென்றுவிடுகிறது என்றும், காசு கொடுத்த ஒரு பைண்டில், அதாவது 568 மில்லியில், கால்வாசி காற்றாகிவிடுகிறது என்றும் வாதிடுவார். இவ்விருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால், இரண்டு கோப்பைகளிலும் நுரை அடங்கிச் சப்பென்று ஆகும் வரை தர்க்கம் ஓயாது.

பக்கத்து நாற்காலியில் நம்மவர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டாலோ, உபாசகருக்கு அன்று திருநாள். இந்தியா பேல் ஏல் என்ற மகாவிஷயத்தை எடுத்துக்கொள்வார். நீண்ட கடற்பயணத்தில் கெட்டுப்போகாமலிருப்பதற்காக ஹாட்ஜ்ஸன் என்பவர் ஹாப்ஸை அள்ளிப் போட்டுப் புதிதாகக் கண்டுபிடித்த பானம் அது என்று ஊரெல்லாம் சொல்லும் கதையை முதலில் தாமே சொல்லி, பிறகு தாமே மறுப்பார். பேல் ஏல் அதற்கு முன்பே இருந்தது. போர்ட்டர் என்ற கறுத்த பீரும் இந்தியாவுக்குக் கப்பலேறி நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தது. ஹாட்ஜ்ஸனின் சாமர்த்தியமெல்லாம், அவருடைய ஆலை கிழக்கிந்தியக் கப்பல்துறைக்கு அருகில் இருந்ததும், கப்பல் தலைவர்களுக்கு அவர் நீண்ட கடன் கொடுத்ததும்தான். 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்ஸாப் அந்த வியாபாரத்தில் புகுந்தபோது, முதல் மாதிரியைத் தேநீர்க் கெண்டியிலே காய்ச்சிப் பார்த்ததாக ஓர் ஐதிகம் உண்டு என்று உபந்நியாசம் நீண்டுகொண்டே போகும். இந்தியாவைப் பற்றி ஆங்கிலேயர் இந்தியருக்கு உபதேசம் செய்வது புதிதன்று; ஆனால் தம் முன்னோர் பரப்பிய கதை பொய் என்று ஒப்புக்கொள்கிற உபதேசம் எனக்குத் தெரிந்தவரையில் இது ஒன்றுதான்.

உபாசகர்களில் தீவிரமான ஒரு கிளைக்கு டிக்கர் என்று பெயர். மார்கழியில் சென்னை சபாக்களில், பாடகர் ஆலாபனையைத் தொடங்கியதுமே ராகத்தின் பெயரைப் பக்கத்திலிருப்பவர் காதில் போட்டுவிட்டு, கிருதியை நோட்டில் குறித்துக்கொண்டு, பாட்டைக் கேட்க அவகாசமில்லாமல் அடுத்த சபாவுக்கு விரையும் ரசிகரை நாம் அறிவோமல்லவா? அவருடைய சகோதரர் இவர். இதுவரை குடித்திராத ஒரு பீரைக் குடித்து, நோட்டில் குறியிடுவதே இவருடைய புருஷார்த்தம். ஒருமுறை பிடித்துப்போன பீரை இவர் மறுமுறை தொடுவதில்லை, ஏற்கெனவே குறியிட்டாகிவிட்டதே!

இந்த மார்க்கத்துக்கு ஸ்தல புராணமும் உண்டு. 1971ஆம் வருஷத்தில் அயர்லாந்தின் மேற்குக் கோடியிலுள்ள டன்க்வின் கிராமத்துக்கு விடுமுறைக்குப் போன நான்கு ஆங்கிலேயர், அங்கிருந்த க்ரூகர் என்பவர் பெயரில் விளங்கிய மதுக்கடையில் உட்கார்ந்து, தம் தாய்நாட்டில் பெரிய ஆலைகள் கெக் என்னும் உலோகக் குடத்தில் அடைத்து விற்கும் உயிரற்ற பீரை எண்ணி மனம் நொந்து, கேம்ரா என்ற இயக்கத்தைத் தோற்றுவித்தார்கள். சாம்ராஜ்யம் கைநழுவியதற்குக்கூட ஆங்கிலேயர் இப்படி ஒன்றுகூடி வருந்தியதாக எனக்கு நினைவில்லை. அங்கத்தினர் தொகை பின்னாளில் லட்சத்தைத் தாண்டியது, ஆலைகள் பணிந்தன, ஊருக்கு ஊர் சிற்றாலைகள் முளைத்தன, இன்று அத்தேசத்தில் பீர் காய்ச்சும் ஆலைகள் ஆயிரத்துக்கும் மேல்.

வெற்றியைப் போல உபாசகரை வாட்டியது வேறெதுவும் இல்லை. புதிதாக வந்த கிராஃப்ட் பீர்க்காரர்கள் வடிகட்டாமலும் சூடாக்காமலும் அருமையான சரக்கைக் காய்ச்சி, அதைக் கொண்டுபோய் அந்தப் பாழும் கெக்கிலேயே அடைத்துவிட்டார்கள்! இவர்களுக்கும் தாடி உண்டு. எண்ணெய் தடவிச் சீவிய தாடி. ருசியில் குறைசொல்ல வழியில்லாததால் கொள்கையில் குறைசொல்லும் நிர்ப்பந்தம் உபாசகருக்கு ஏற்பட்டது. எல்லாப் பீர்ப் பிரியர்களுக்கும் பிரதிநிதியாக இயக்கம் தன்னை விரித்துக்கொள்ளலாமா என்று 2018இல் அங்கத்தினரிடம் வாக்குக் கேட்டபோது, 75 சதவீதம் வேண்டியிருந்த அந்தத் தீர்மானம் 72 சொச்சத்தில் தோற்றது. எதிர்த்து வாக்களித்த ஓர் உபாசகர் அன்றிரவு எந்தக் கடையில் எதைக் குடித்தார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பது மரியாதையும் ஆகாது.

குடித்தவர்கள் காப்பாற்றாத ஏலைக் குறைகூறியவர்கள் காப்பாற்றினார்கள் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஆகையால் லண்டன் பக்கம் செல்லும் அன்பர்கள் இவரைக் கண்டால் தயங்காமல் பக்கத்தில் உட்காரலாம். எலுமிச்சை ரசம் மட்டும் பருகுகிறவரிடமும் அவர் பக்ஷபாதமின்றியே பிரசங்கம் செய்வார். தம் முறை வரும்போது எல்லோருக்கும் வாங்கித் தரவும் தவறமாட்டார். அவர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஏன் நன்றாயிருக்கிறது என்று கேட்பார்.