சுடாத சுடும் விளையாட்டு

2020 செப்டம்பர் 2 அன்று இந்தியாவில் பப்ஜி மொபைல் விளையாட்டு தடைசெய்யப்பட்டது. ஒரு நாள் விட்டு நடிகர் அக்‌ஷய் குமார் ஃபாவ்-ஜி விளையாட்டை அறிவித்தார். 2021 குடியரசு தினத்தன்று வந்ததைப் பாம்பனில் இறக்கினாலும் பெங்களூரில் இறக்கினாலும் கிடைத்தது ஒன்றே: துப்பாக்கி இல்லை, சேர்ந்து ஆட நண்பன் இல்லை, வருகிற எதிரிகளைக் கையாலும் தடியாலும் அடித்தபடி நடக்க வேண்டும். வலை ஏற்றாமல் கடலுக்குப் போன விசைப்படகு. நிகர வருவாயில் 20 விழுக்காடு உயிர்நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கான ‘பாரத் கே வீர்’ நிதிக்கு என்றார்கள். நல்ல காரியம். ஆனால் நன்கொடை கொடுக்கச் செயலிக்கு நட்சத்திர மதிப்பெண் எதற்கு?

விளையாட்டின் களம், 2020இல் இந்திய, சீன வீரர்கள் மோதிய கல்வான் பள்ளத்தாக்கு. அங்கேயே தோட்டா வெடிக்கவில்லையே, உள்ளதைத்தானே காட்டினார்கள் என்பார்கள். உண்மைதான், எல்லைக்கோட்டருகே சுடக்கூடாதென 1996இல் இந்தியாவும் சீனாவும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. விளையாடுகிற பையன் அதில் கையெழுத்திடவில்லை. முதல் முயற்சி, பொறுக்கக்கூடாதா என்பது அடுத்த வாதம். ராமேசுவரத்துக் கலாமின் எஸ்.எல்.வி.-3கூட 1979இல் வங்கக்கடலில் விழுந்து, மறு ஆண்டுதானே விண்ணேறியது? ஒப்புக்கொள்வோம், ஆனால் விழுந்த ராக்கெட்டில் இன்ஜின் இருந்தது. இங்கே துப்பாக்கியோடு குழுச்சண்டை வர ஜூன் ஆகிவிட்டது. ஜூலையில் பப்ஜியே பெயரை மாற்றிக்கொண்டு திரும்பிவிட்டது.