ஓல்டனில் பல்வைத்தியரை மூலிகையால் வெல்வது எப்படி?

முதலில் சுவிஸ் மருத்துவக் காப்புறுதியான கிரங்கன்காசாவைத் திட்டிப் பழகுங்கள். மாதாமாதம் இவ்வளவு கட்டியும், அடிப்படைக் காப்புறுதியில் சாதாரணச் சொத்தைப் பல் அடைக்க ஒரு பிராங்கும் வராது. ஆத்திரம் நன்றாக ஏறியதும் தமிழ்க் கடைக்குப் போய்க் கராம்பு, வேப்பம் பற்பொடி, வட்டச் சிமிழில் வரும் தாய்லாந்து மூலிகைப் பற்பசை எல்லாவற்றையும் அள்ளி வாருங்கள்.

ஆலங்குச்சி, வேலங்குச்சி தேடி ஆரே ஆற்றங்கரையில் அலைய வேண்டாம். அங்கே நிற்பவை வேறு மரங்கள். நகரசபை மரத்தை முறித்து அகப்பட்டால் பல்வைத்தியரின் பில்லே மலிவாகத் தெரியும்.

அடுத்தது, கோப்பிக் கடையில் வாதாட ஓர் ஆதாரம். தாய்லாந்துக்காரர் பல் விளக்கிய கோய் குச்சி நம்முடைய பிராய் மரம்தான். திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறைக் கோயிலின் தலவிருட்சம். கோன் கென் பல்கலைக்கழகத்தார் அதன் இலைச்சாற்றைச் சோதித்தபோது, சீனியைத் தின்று அமிலம் கக்கிப் பல்லை அரிக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமி செத்துப்போனது. இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுங்கள். 'சோதனைக்குழாய் எச்சில் விழுங்காது, மணிக்கொருதரம் சீனி போட்ட தேத்தண்ணி குடிக்காது, வாயிலே கிருமி பிசினாய் ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும்' என்று எவராவது தொடங்கினால், ரெயினுக்கு நேரமாயிற்று என்று எழும்புங்கள். ஓல்டனில் இந்தச் சாட்டு எப்போதும் செல்லும். எந்தத் திசைக்கும் ஒரு ரெயின் நிற்கும்.

பல்லுக்கொதி வந்தால் கராம்பைக் கடியுங்கள். அதிலுள்ள யூஜெனோல் மெய்யாகவே நோவை மரக்கச் செய்யும். பல்வைத்தியரும் அதைத்தான் துத்தநாக ஒக்சைட்டோடு குழைத்துத் தற்காலிகமாக அடைக்கிறார், காசு வாங்கிக்கொண்டு. நோ அடங்கியபின் அந்தப் பக்கம் நாக்கைக் கொண்டுபோகாதீர்கள். ஓட்டை தன் பாட்டில் ஆழம் போகட்டும்.

குசினியில் உப்புப் பொதியைத் திருப்பி வாசிக்காமல் இருப்பது மிக முக்கியம். புளோரைட் என்று எழுதியிருக்கக்கூடும். உப்பில் அதைக் கலப்பது சூரிச் மாநிலத்தில் 1955இல் தொடங்கிய வேலை. பாசல் நகரம் 1962 முதல் 2003 வரை குடிதண்ணீரிலேயே கலந்தது. பிள்ளைகளுக்குச் சொத்தை விழாததற்கு வேப்பம்பொடிதான் காரணம் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல இதெல்லாம் இடைஞ்சல். அவர்கள் பள்ளிக்கூடத்தில் புளோரைட் ஜெல் தேய்த்துவிட்டு வருவதையும் அம்மம்மாவிடம் சொல்லவேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.