அனுபவசாலிக்குத்தான் ஆபத்து

கேள்வி: ஒருமுறை டெங்கு வந்து போனால் எதிர்ப்பு சக்தி வந்துவிடுமே, பிறகு எதற்குப் பயம்?

பதில்: வந்துவிடும், சிக்கலே அதுதான். டெங்கு வைரஸில் நான்கு வகை. வந்துபோன வகையிடமிருந்து ஏறக்குறைய ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு உண்டு. மற்ற மூன்றிடமிருந்து சில மாதங்கள்தான். பிறகு வேறு வகை நுழைந்தால், பழைய ஆன்டிபாடிகள் அதைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. அப்படி அரைகுறையாகப் பிடிபட்ட வைரஸை வெள்ளணு விழுங்க, அதற்குள்ளேயே வைரஸ் பெருகும். காவல்காரரே திருடனைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துவரும் கதை.

இதற்குக் கியூபா சாட்சி. 1977இல் முதல் வகை பரவியது, பெரிய சேதமில்லை. 1981இல் இரண்டாம் வகை வந்தது. 158 பேர் இறந்தார்கள். "இரண்டாம் வகையே கொடியதாக இருக்கலாமே?" என்பீர்கள். 1997இல் அதே வகை சாண்டியாகோ டி கியூபாவுக்கு வந்தபோது கடுமையாகச் சாய்ந்தவர்கள் பெரியவர்களே. முதல் வகையைப் பார்த்தே இராத பிள்ளைகள் தப்பினார்கள். "கைக்குழந்தைக்கு முதல் டெங்குவே ஆபத்தாகிறதே?" அதன் உடம்பில் தாய் தந்த ஆன்டிபாடி மிச்சமிருக்கிறதே! அதற்காக இரண்டாம் டெங்கு எல்லாமே எமன் அல்ல. பெரும்பாலானவை சாதாரணமாகக் கடந்துபோகும். நிகராகுவா குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் சொன்னது: ஆன்டிபாடி நிறைய இருந்தால் காப்பு, நடுத்தரமாக இருந்தால்தான் வம்பு. உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று கொசு விசாரித்துவிட்டுக் கடிப்பதில்லை. ஆகவே பகலிலும் முழுக்கைச் சட்டையே போடுங்கள்.