நியூ டவுனில் எஃப் கார்டு: ஒரு திணைநெறி ஆய்வு

அலுவலகம் விட்டு வந்தபின் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தப்பாக வாசிப்பதை மற்றவர்கள் பொறுத்துக்கொண்டு கிட்டார் பழகுவது தனியொரு ஒழுக்கம். கொல்கத்தாவின் கிழக்கே உள்ள நியூ டவுனில் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. தொல்காப்பியர் இதுபற்றி ஒன்றும் கூறவில்லை; அவர் காலத்தில் யாழ் இருந்தது, எஃப் கார்டு என்னும் கிட்டார்ப் பிடி இல்லை. எனினும் முதல், கரு, உரி என்னும் அவர் வகுத்த சட்டகத்துக்குள் இவ்வொழுக்கம் பிசகில்லாமல் அடங்கும்.

1. முதற்பொருள்

நிலம்: ராஜார்ஹாட்டின் நெல்வயல்களும் நீர்நிலைகளும் இருந்த இடம். 1999இல் அமைக்கப்பட்ட ஹிட்கோ நிறுவனம் அங்கே நியூ டவுனை எழுப்பியது. வயலும் வயல் சார்ந்த இடமும் ஆதலால் இந்நிலம் பிறப்பால் மருதம். இன்று ஆக்‌ஷன் ஏரியா ஒன்று, இரண்டு, மூன்று என வழங்கப்படுகிறது. பழைய கொல்கத்தாவில் அரட்டைக்கு வீட்டு வாசலிலேயே 'ரோயாக்' என்னும் திண்ணை உண்டு. அடுக்ககங்களுக்குத் திண்ணை கிடையாது. ஆகவே பயில்வோர் கூடுமிடம் சமுதாயக் கூடம், மொட்டைமாடி, 2012இல் திறக்கப்பட்ட ஈக்கோ பார்க்கின் ஏரிக்கரை என மூன்றாயிற்று.

பொழுது: சிறுபொழுது மாலை. பெரும்பொழுது கார். மழை பெய்தால் வேறெங்கும் போக முடியாது என்பதே காரணம்.

2. கருப்பொருள்

யாழ்: ஆறு கம்பிக் கிட்டார். பறை: கைபேசியில் டிக் டிக்கென்று அடிக்கும் மெட்ரோனோம். பண்: ஜி, சி, டி, ஈ மைனர். உணவு: ஜால்முரி என்னும் காரப்பொரியும் மண்குவளைத் தேநீரும், ஜால்முரியின் கடுகெண்ணெய் கம்பியில் படியும் என்பதால் வாசித்த பின்பே உண்ணத்தக்கது. தொழில்: மென்பொருள்.

தெய்வம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ரவீந்திரநாதர் என்பர் வங்காளியர். இளையராஜா என்பர் தமிழர். 1982இல் வெளியான 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாடலில் சந்திரசேகர் வாசித்த கிட்டாரை, ஈ மைனர் பிடிக்கத் தெரியுமுன்பே வாசித்துவிட எண்ணுவது தமிழ் மாணவரின் பிறவிக்குணம். வங்காளி மாணவரின் இலக்கு, 1970களில் தோன்றிய மொஹீனேர் கோராகுலி குழுவின் பெயரோடு விளங்கும் 'ப்ரிதிபிடா நாகி'. 2006இல் 'கேங்ஸ்டர்' இந்திப் படத்தின் 'பீகி பீகி'க்கும் அதே மெட்டு வாய்த்ததால், வட்டத்தில் இருக்கும் இந்திக்காரரும் சண்டையின்றி அதே பாடத்தில் சேர்ந்துகொள்கிறார். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இப்பாட்டு ஆற்றும் பணி இன்னும் முறையாக மதிப்பிடப்படவில்லை.

3. முன்னோர் வழக்கு

1940களில் ஹவாய்க் கலைஞர் டாவ் மோ கொல்கத்தாவில் தங்கி வாசித்தார். அதற்குப் பின் ஹவாயன் கிட்டார் இந்நகரத்து வீடுகளில் குடியேறியது. ரவீந்திர சங்கீதத்தையே அதில் வாசித்தார்கள். இந்நகரத்தின் தேபாஷிஷ் பட்டாச்சார்யா அவ்வழியில் வந்து 'சதுரங்கி' என்னும் கருவியையே படைத்தார். ஆய்வுக்கு வேண்டிய செய்தி வேறு. ஹவாயன் கிட்டாரை மடியில் கிடத்தி, உலோகக் கோலைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பார்கள். இடக்கை விரலால் கம்பியை மரத்தோடு வைத்து அழுத்தும் வேலை அதில் இல்லை. அத்தலைமுறை எஃப் கார்டு என்னும் துன்பத்தை அறியாமலே வாழ்ந்தது. 1992இல் பாடகர் கபீர் சுமனின் 'தோமாகே சாய்' இசைத்தொகுப்பு வந்து, ஒரு மனிதரும் ஒரு கிட்டாரும் இருந்தால் பாட்டுக்குப் போதும் என்று காட்டியபின் கிட்டார் மடியிலிருந்து நிமிர்ந்தது. விரல் நோவும் அதனுடன் பரவலாயிற்று.

4. உரிப்பொருள்

முதல் மாதத்தில் குறை ஒன்றுமில்லை. ஈ மைனருக்கு இரண்டு விரல் போதும்: ஐந்தாம் கம்பியிலும் நான்காம் கம்பியிலும் இரண்டாவது ஃப்ரெட் (கழுத்தில் உலோகப் பட்டைகளால் பிரித்த கட்டம்). சியிலிருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரல் ஒன்றை மட்டும் நகர்த்தினால் ஆயிற்று. மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மாணவர் தம்மைக் கலைஞர் என்று கருதத் தொடங்குவது இக்கட்டத்தில்தான்.

அடுத்து எஃப் வருகிறது. ஆள்காட்டி விரல் ஒன்றே முதல் ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளையும் குறுக்கே படுத்து அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். 650 மி.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் கட்டத்தின் அகலம் சுமார் 36 மி.மீ., ஐந்தாம் கட்டத்தின் அகலம் சுமார் 29 மி.மீ.; ஆகவே முதல் கட்டத்தில் விரல்கள் அதிகம் விரிய வேண்டும். போதாக்குறைக்கு, கம்பியைத் தாங்கும் நட் பக்கத்திலேயே இருப்பதால் முதல் ஃப்ரெட்டில் கம்பி எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. மழைக்காலத்தில் ஈரக்காற்றால் மரம் உப்பும். ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவிசையோடு இழுத்துக்கொண்டிருக்க, மேற்பலகை மேலெழும்பும், கம்பிகளும் உயரும். கார்காலத்து எஃப் கோடைக்கால எஃப்பைவிடக் கொடியது என்பது இதனால் பெறப்படும்.

மாணவர் செய்யக்கூடியது காத்திருப்பதே. காரும் மாலையும் முல்லைக்கு உரியவை. இருத்தலும் முல்லைக்கே உரியது. ஆகவே நியூ டவுன் கிட்டார் ஒழுக்கம் மருத நிலத்தில் நிகழும் முல்லை, அதாவது திணைமயக்கம். வேறுபாடு ஒன்றே. முல்லைத் தலைவன் கார் தொடங்கும்போது திரும்பிவிடுவான். எஃப், கொல்கத்தாவில் காற்று உலர்ந்து கம்பிகள் தாழும் பனிக்காலத்தில்தான் திரும்பும்.

5. கூற்றுக்கு உரியோர்

தோழி: எதைக் கேட்டாலும் "ஹோபே, ஹோபே" என்பவர். வந்துவிடும் என்பது கருத்து. எப்போது, எப்படி என்று சொல்லமாட்டார். இசையறிவு இவருக்குக் கட்டாயமில்லை. இவர் ஒருநாள் வராவிட்டால் வட்டம் கலைந்துவிடும்.

பாங்கன்: முதலில் இடித்துரைப்பவர், பின்பு உதவுபவர். வாய்ச்சொல்லை நம்பாமல் மாணவரின் கையைப் பிடித்துத் திருத்துவார். ஆள்காட்டி விரலின் சதைப்பகுதியைப் படுக்க வைக்காமல் சற்றுச் சாய்த்து எலும்புப் பக்கத்தை வைப்பார். விரலை ஃப்ரெட்டை ஒட்டி நகர்த்துவார். முழங்கையை விலாவோடு சேர்ப்பார். கட்டைவிரலைக் கழுத்தின் பின்பக்கம் நடுவில் நிறுத்துவார். அதே பிடியை முதலில் ஐந்தாம் ஃப்ரெட்டில் பழகச் செய்வார். அங்கே அது ஏ மேஜராக ஒலிக்கும், கம்பியும் வளையும். பின்பு தினம் ஒரு ஃப்ரெட்டாகக் கீழிறங்குவார்.

நற்றாய்: ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் தாயார். "இன்னும் அதையேதான் தட்டிட்டு இருக்கியா?" என்பது இவரது ஒரே கூற்று.

அலர் தூற்றுவோர்: கீழ்த்தளத்தார். அகப்பாடலில் அலர் காதலை வளர்க்கும். இங்கே குடியிருப்போர் சங்கக் கூட்டத்தை வளர்க்கும். ஒலித்துளைக்குள் துணி அடைப்பது, இரவு ஒன்பதரைக்குமேல் ஸ்ட்ரம்மிங்கை விட்டு விரலால் மட்டும் மெதுவாக மீட்டுவது ஆகியவை இதற்கு வழக்கிலுள்ள பரிகாரங்கள்.

தோழியும் பாங்கனும் இருவருமே வேண்டும். தோழி மட்டும் உள்ள வட்டத்தில் எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பர், எஃப் வராது. பாங்கன் மட்டும் உள்ள வட்டத்தில் எஃப் வரும், ஆட்கள் வரமாட்டார்கள்.

6. முடிபு

எஃப் வந்த மாணவர் உடனே கலைஞர் ஆவதில்லை. அடுத்து வருபவருக்கு அவர் "ஹோபே" என்று சொல்லத் தொடங்குகிறார். வட்டம் நிலைபெறுவது இதனால்தான்.

நியூ டவுனுக்கு மாற்றலாகி வரும் தமிழர்க்கு இவ்வாய்வின் பரிந்துரைகள் மூன்று. கிட்டாரை ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம். லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக உள்ளன. வாங்கும்போதே முதல் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தைப் பார்த்துக் குறைத்துத் தரச் சொல்லவும். ஆடியில் எஃப் வரவில்லை என்று கிட்டாரை விற்றுவிட வேண்டாம். மார்கழி வரை பொறுக்கவும்.