மூவர் கோயிலுக்கு எத்தனை மார்க்?

கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி மூவர் கோயிலைக் கட்டி ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் யாரும் முறையாக மார்க் போடவில்லை. எவ்வளவு பெரிய குறை! நாலு மதிப்பீட்டாளர்களை உடனே அனுப்ப வேண்டும். 'மிக மோசம்' முதல் 'மிக நன்று' வரை ஐந்து படிகள். படிக்குப் படி தூரம் ஒன்றுதானா என்று கேட்பவரை வண்டியிலேயே ஏற்றக் கூடாது.

நால்வரும் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்க, ஃப்ளைஸ் 1971-இல் தந்த கப்பா கணக்கு இருக்கிறது. குருட்டாம்போக்கில் பொருந்தியதைக் கழித்துவிடும் கறாரான கணக்கு. மூன்றில் இன்னும் நிற்கிற இரண்டு விமானங்களுக்கும் நால்வரும் ஐந்தே போட்டால், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லும். வெயில் கடுப்பில் ஒருவர் ஒன்றுக்கு மட்டும் நாலு போட்டால், விடை மைனஸ் 0.14. தற்செயலைவிட மோசம்! அந்த நாலுக்குப் பதில் ஒன்று போட்டிருந்தாலும் அதே விடைதான். அவ்வளவு பாரபட்சமற்ற கணக்கு.

கைகொடுப்பது மூன்றாவது கோயில். வடபக்கம் அடித்தளம் மட்டுமே மிச்சம். அதற்கு நால்வரும் ஒன்று, மற்ற இரண்டுக்கும் ஐந்து போடட்டும்: கப்பா முழுசாக 1!

ஆகவே கோயிலுக்கு ஒரு சன்னதியையாவது இடிய விடுவது அறிவியல் கடமை. பல ஊர்களில் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டார்கள்.